கொம்பும் காலும்

முதல் நாள் கொண்டுபோன துண்டறிக்கையில்
கொசுவுக்குக் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்.
அச்சகத்துக் கணினிக்குத் தமிழ் தெரியாது.
பாடாங் செராய் ஒட்டுக்கடையில்
தே தாரிக் ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
லோரி ஓட்டும் சந்தனசாமி கேட்டார்:
"எங்க எழுத்தையே சரியாப் போடத் தெரியாதவன்
எங்க ரத்தத்தை எப்படித் தம்பி பார்ப்பான்?"

என்னிடம் டார்ச்லைட் இருந்தது,
உறிஞ்சுகுழல் இருந்தது,
ஐந்நூறு வெள்ளி சமன் புத்தகம் இருந்தது.
பதில் இல்லை.

முந்தின ஞாயிறுதான்
மூன்றாம் லயத்து இன்பரசி செத்துப்போயிருந்தாள்.
பதினேழு வயது. பரீட்சைக்கு நான்கு வாரம்.
திங்கட்கிழமை கிளினிக்கில்
பனடோல் கொடுத்து, சாதாரணக் காய்ச்சல்,
தண்ணி நிறையக் குடி என்று அனுப்பினார்கள்.
அனுப்பினார்கள் என்று எழுதத்தான் கை வருகிறது.
அனுப்பினோம்.

அதன்பிறகு புகை வண்டி வந்தால்
சன்னல்களைச் சாத்தினார்கள்.
திறந்து வையுங்கள், திறந்து வையுங்கள் என்று
வண்டிக்கு முன்னால் ஓடினேன்.
என் முகத்தில்தான் அடித்தது மருந்து.

செம்பனைக் கம்பெனியின் கொங்சியில்
எங்கள் வண்டி திரும்பும்போதே ஆளிருக்காது.
அடுப்பில் சோறு கொதிக்கும்.
வாசலில் செருப்புகள் கிடக்கும்.
செருப்புக்காரர்கள் வெறுங்காலோடு மரங்களுக்குள்.
சீருடை என்றால் குடிநுழைவு. அது அவர்கள் கணக்கு.
எங்கள் கணக்கில் அந்த இடம் பூச்சியம்.
பூச்சிகள் நிறைந்த பூச்சியம்.
மேலதிகாரிக்கு அதில் சந்தோஷம்.

மிஸ்ஸி ரொசிலாதான் கேட்டாள்:
"அந்தப் பொண்ணு வீட்டுக்கு யாரும் போனீங்களா?
மருந்தடிக்க இல்ல.
போனீங்களா?"

போனோம். எட்டாம் நாள், சீருடை இல்லாமல்.
அப்பா நாச்சிமுத்து நாற்காலி போடவில்லை.
நின்றபடியே மிஸ்ஸி சொன்னாள்,
திங்கட்கிழமையே ரத்தம் எடுத்திருக்க வேண்டும்,
எடுக்கவில்லை,
பிழை எங்களுடையது என்று.
அவளுடைய தமிழிலும்
கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்.
ஆனால் அது விளங்கியது.
அவர் நெடுநேரம்
குழாயடியில் இருந்த வாளியையே பார்த்தார்.
பிறகு காலால் அதைக் கவிழ்த்தார்.
மன்னித்தார் என்று நான் சொல்ல மாட்டேன்.
வாளியைக் கவிழ்த்தார்.

மறுநாள் சமன் புத்தகத்தை
மேசை இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.
(அதற்கு விளக்கக் கடிதம் எழுதினேன், இரண்டு பிரதிகள்.)
லிம் வீ கியோங் பட்டறைப் பின்புறம்
அறுபது எழுபது டயர் இருக்கும்,
அவரும் நானும் ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம்.
குழலில் உறிஞ்சி வெயிலில் பிடித்துக் காட்டினேன்:
நெளிகிற காற்புள்ளிகள்.
"இவ்ளோ சின்னதா?" என்றார். டயரை உதைத்தார்.
ஒட்டுக்கடைத் தூணில் ஒரு மைலோ அட்டைப்பெட்டி தொங்கியது,
சந்தனசாமி கையெழுத்து:
காச்சல் ரெண்டு நாள் தாண்டினா ரத்தம் எடு.
எடுக்கலன்னா கேளு.
அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
யாரும் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமை கொங்சிக்கு
மிஸ்ஸியின் பழைய காஞ்சில் காரில் போனோம்.
இரண்டு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம்.
மரங்களுக்குள்ளிருந்து ஒருவன் வந்தான்,
உச்சி வெயிலில் மழைச்சட்டை போட்டுக்கொண்டு, நடுங்கியபடி.
"போலீஸ்?"
"புக்கான்."
என் சப்பாத்தைப் பார்த்தான், அவள் பையைப் பார்த்தான்.
பெயர் ரஃபிக்குல் என்றான்.
கையை நீட்டினான்.

கிளம்பும்போது வாசலில் எண்ணினேன்,
வரும்போது பதினைந்து ஜோடி.
இப்போது பதினான்கு.
ஒரு ஜோடி எங்கள் காரில் இருந்தது, கால்களோடு.

பூச்சியத்தை அடித்துவிட்டு
ஒன்று என்று எழுதினேன்.
மாலையே தொலைபேசியில் மேலதிகாரி:
"அந்த இடத்தில் ஏன் திடீரென்று
எண்ணிக்கை கூடுகிறது?"